ஓயாமல் அழுத மகளும் ஆஸ்டியோபதி சிகிச்சையும்: எங்கள் அனுபவம்

கைக்குழந்தை காரணம் தெரியாமல் அழுதுகொண்டே இருந்தால், மருந்தில்லாமல் உடம்பைக் கையால் தொட்டும் அழுத்தியும் செய்யும் ஆஸ்டியோபதி சிகிச்சை பற்றி யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். "மெதுவா தொட்டே சரி பண்ணிடுவாங்க, ஒரு தடவை போய்ப் பாருங்க" என்பார்கள். எங்கள் காதுக்கும் அப்படித்தான் வந்தது. போனோம். அங்கே என்ன நடந்தது, எது உதவியது, எதைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதி வைக்கிறேன். இதைப் படிக்கிறவர் மடியிலும் இப்போது ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கலாம். அதனால் முக்கியமானதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: முதலில் குழந்தைநல மருத்துவர், மற்றதெல்லாம் அப்புறம்.

எங்கள் மகளுக்குப் பிறந்த முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. அதன் பிறகு மாலை ஆனால் போதும், அழுகை தொடங்கிவிடும். பால் குடித்திருப்பாள், ஏப்பம் விட்டிருப்பாள், டயப்பர் மாற்றியிருப்போம். ஆனாலும் முகம் சிவக்க, முஷ்டியை இறுக்கி, காலை வயிற்றோடு மடக்கி அழுவாள். தூக்கினால் முதுகை வளைத்துக்கொண்டு கையிலிருந்து நழுவப் பார்ப்பாள். பால் கொடுக்கும்போது ஒரு பக்கம் நன்றாகக் குடிப்பாள். மறு பக்கம் மாற்றினால் வாயை எடுத்துவிட்டு அலறுவாள். படுக்க வைத்தால் தலை எப்போதும் வலது பக்கமே சாய்ந்திருக்கும். இந்தக் கடைசி இரண்டு விஷயங்களுக்கும் தொடர்பு இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

மருத்துவர் அவளைத் துணி எதுவும் இல்லாமல் படுக்க வைத்துப் பார்த்தார். உச்சிக்குழி புடைத்திருக்கிறதா என்று தொட்டார். காது, வாய், தோள்பட்டை எலும்பு, வயிறு எல்லாம் பார்த்தார். குடலிறக்கம் இருக்கிறதா என்று தொடை இடுக்கையும் விடவில்லை. பிறகு கைவிரல், கால்விரல் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தார். எதற்கு என்று கேட்டேன். தாயின் தலைமுடி ஒன்று விரலில் சுற்றிக்கொண்டு இறுகினால்கூடக் குழந்தை இப்படித்தான் அடங்காமல் அழும், ரத்த ஓட்டமே நின்றுபோகலாம் என்றார். அன்றிலிருந்து குளிப்பாட்டும்போதெல்லாம் விரல்களைப் பிரித்துப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. எடை சரியாக ஏறியிருந்தது. முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு இருபது முப்பது கிராம் ஏறினால் பால் போதுகிறது என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. என் பால் போதவில்லையோ என்று தினமும் மனதுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

கோலிக் என்று சொல்வதைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. வேறெதுவும் இல்லை என்று பார்த்த பிறகு மிஞ்சுவதற்குத்தான் அந்தப் பெயர். 1954-இல் வெஸ்ஸல் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு கணக்கு வகுத்தார்கள்: ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல். வயிறு, குடல் தொடர்பான கோளாறுகளுக்காக 2016-இல் வந்த ரோம் நான்காம் வரையறையில் மருத்துவர்கள் இந்த மணிக் கணக்கை வலியுறுத்துவதை விட்டுவிட்டார்கள். ஐந்து மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, காய்ச்சலும் எடைக் குறைவும் இல்லாமல், காரணம் தெரியாமல், தேற்றியும் தேறாமல் திரும்பத் திரும்ப நெடுநேரம் அழுதால் அதுவே போதும். என் கணவர் கைப்பேசியில் அழுகை நேரத்தைக் குறித்துக்கொண்டே இருந்தார். மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, "இதை இனிமேல் குறிக்க வேண்டாம், அந்த நேரத்தில் நீங்கள் கொஞ்சம் தூங்குங்கள்" என்றார்.

அழுகைக்கு ஒரு போக்கு உண்டு என்றும் சொன்னார். பிறந்து இரண்டு வாரத்துக்குப் பின் ஏறும், ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் தணியும். பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர், தாய்மார் எழுதிய அன்றாடக் குறிப்புகளை வைத்து 1962-லேயே இதைக் காட்டியிருக்கிறார். இது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் ஆஸ்டியோபதி பற்றி யோசிக்கும்போது இதையே வேறு கோணத்தில் நினைவில் வைக்க வேண்டும். உச்சத்தில் இருக்கும்போதுதான் பெற்றோர் தாங்க முடியாமல் ஏதாவது சிகிச்சைக்கு ஓடுவார்கள். அதற்கு அடுத்த வாரமே அழுகை தானாக இறங்கத் தொடங்கியிருக்கும். எந்தச் சிகிச்சைக்குப் போனாலும் அது பலித்ததுபோலத்தான் தெரியும்.

மருத்துவரிடம் எந்நேரமானாலும் வர வேண்டிய அறிகுறிகளையும் கேட்டு எழுதிக்கொண்டேன். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், உச்சிக்குழி புடைத்திருப்பது, வழக்கமில்லாத கீச்சுக் குரல் அழுகை, பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் ஆஸ்டியோபதிக்குப் போனோம்? உண்மையைச் சொன்னால், "நேரம் ஆனால் சரியாகும்" என்பதை வைத்துக்கொண்டு இரவைக் கடத்துவது கடினம். ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. குழந்தைக்குக் கெடுதல் வராது என்றால் போய்ப் பார்க்கலாம் என்று மருத்துவரும் சொன்னார். இரண்டு நிபந்தனை போட்டார்: கழுத்தையோ முதுகெலும்பையோ வெடுக்கென்று திருப்பும் யாரிடமும் கொடுக்கக் கூடாது, மருத்துவப் பரிசோதனை தேவையில்லை என்று சொல்கிறவரிடம் போகவே கூடாது.

ஆளைத் தேடுவதுதான் அலைச்சல். ஆஸ்டியோபதி 1874-இல் ஆன்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர் தொடங்கிவைத்த முறை. இன்று நாட்டுக்கு நாடு அதன் நிலை வேறு. அமெரிக்காவில் அந்தப் பட்டம் பெற்றவர்கள் மருந்து எழுதவும் அறுவை சிகிச்சை செய்யவும் உரிமை உள்ள முழு மருத்துவர்கள். பிரிட்டனில் அவர்கள் மருத்துவர்கள் அல்லர், ஆனால் 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்துகொண்டவர்கள்தான் அந்தப் பெயரைப் பயன்படுத்த முடியும். பல நாடுகளில் இப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை, சில நாள் பயிற்சி எடுத்தவர்கூடப் பலகை மாட்டலாம். அதனால் பதிவு உண்டா, எங்கே எத்தனை ஆண்டு படித்தார், கைக்குழந்தைகளைப் பார்த்துப் பழக்கம் உண்டா என்று தொலைபேசியிலேயே கேட்டோம். ஒருவர், "பிறக்கும்போது மண்டையோடு நசுங்கியிருக்கும், அதைச் சரி செய்யாவிட்டால் பிற்காலத்தில் படிப்பு வராது" என்றார். அந்த அழைப்பை அத்துடன் முடித்துக்கொண்டோம். பயமுறுத்திச் சிகிச்சைக்கு இழுப்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கடைசியில் நாங்கள் போன அம்மையார் முதல் அரை மணி நேரத்துக்கும் மேல் குழந்தையைத் தொடவே இல்லை. பிரசவம் எப்படி நடந்தது, ஆயுதம் போட்டார்களா, எத்தனை வாரத்தில் பிறந்தாள், எப்படிக் குடிக்கிறாள், எப்படித் தூங்குகிறாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பால் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். மகள் வழக்கம்போல ஒரு பக்கம் குடித்தாள், மறு பக்கம் அலறினாள். "இவளுக்கு இடது பக்கம் தலையைத் திருப்புவது சிரமமாக இருக்கிறது, கவனித்தீர்களா?" என்று கேட்டார்.

அதன் பிறகுதான் கை வைத்தார். ஒவ்வொரு தடவையும் எங்கே தொடப்போகிறார் என்று சொல்லி, என் சம்மதம் கேட்டுவிட்டுத் தொட்டார். மகள் என் மடியிலேயே இருந்தாள். ஒரு கையைப் பிடரிக்கு அடியிலும் ஒரு கையை இடுப்புக்கு அடியிலும் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். பழுத்த தக்காளியைப் பதம் பார்ப்பது போன்ற அழுத்தம்தான், அதற்கு மேல் இல்லை. நெட்டி முறிக்கும் சத்தமோ இழுப்போ கிடையாது. அவள் சிணுங்கினால் கையை எடுத்துவிடுவார், பசித்தால் பால் கொடுக்கச் சொல்வார். கழுத்தின் பக்கத் தசையில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். கட்டி இருந்தால் அது பிசியோதெரபிஸ்ட் பார்க்க வேண்டியது, இங்கே வரக் கூடாது என்றார். கட்டி எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் மகள் தூங்கிப்போனாள்.

அன்று மாலை அழுதாளா? அழுதாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவு என்று எனக்குப் பட்டது, கணவருக்கு அப்படித் தோன்றவில்லை.

ஆனால் அந்த அம்மையார் சொல்லிக்கொடுத்த ஒன்று உடனே பலன் கொடுத்தது. மறு பக்கம் பால் கொடுக்கும்போது குழந்தையைக் குறுக்கே போடாமல், அவள் கால்கள் என் கைக்கு அடியில் முதுகுப் பக்கம் போகும்படி இடுப்போரம் இடுக்கிப் பிடிக்கச் சொன்னார். அப்படிப் பிடித்தால் அவளுக்கு வசதியான பக்கமே முகம் இருக்கும். அன்றே குடித்துவிட்டாள். அது தவிர, விழித்திருக்கும்போது நாங்கள் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் குப்புறப் போட வேண்டும், அவள் பார்க்க விரும்பும் பொருளை இடது பக்கம் காட்ட வேண்டும், படுக்கையில் தலைமாட்டை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்றார். தூங்குவது மட்டும் எப்போதும் மல்லாந்துதான், தலையணை எதுவும் கூடாது. சில வாரத்தில் தலை இரண்டு பக்கமும் திரும்பத் தொடங்கியது. இதையெல்லாம் ஒரு நல்ல பிசியோதெரபிஸ்டோ தாய்ப்பால் ஆலோசகரோகூடச் சொல்லிக்கொடுத்திருக்க முடியும். எங்களுக்கு நேரம் ஒதுக்கி, உட்கார்ந்து பார்த்து, சொன்னவர் இவர்.

தொட்டதால் பலன் உண்டா என்பது வேறு கேள்வி. அந்த அம்மையாரிடமே கேட்டேன். மழுப்பாமல் பதில் சொன்னார். மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு 2012-இல், கோலிக் குழந்தைகளுக்குக் கையால் செய்யும் சிகிச்சைகள் பற்றி ஆறு சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது, மொத்தம் 325 குழந்தைகள். அழுகை நேரம் குறைந்ததாகத் தெரிந்தது. ஆனால் தன் குழந்தைக்குச் சிகிச்சை கிடைத்ததா இல்லையா என்று பெற்றோருக்கே தெரியாதபடி நடத்திய சோதனைகளை மட்டும் எடுத்தால் அந்தப் பலன் நிற்கவில்லை. பிறகு பிரிட்டனில் ஒரு சோதனை நடத்தி 2024-இல் முடிவு வெளியிட்டார்கள். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு ஆஸ்டியோபதி முறைப்படி மென்மையான தொடுதல், மறு பகுதிக்குச் சிகிச்சை நோக்கமில்லாத வெறும் மென்மையான தொடுதல். இரண்டுக்கும் அழுகை நேரத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. மண்டையோட்டு எலும்புகளின் நுண்ணிய தாளத்தைக் கையால் உணர முடியும் என்பது சதர்லாந்து என்பவர் 1930-களில் முன்வைத்த கருத்து. ஒரே ஆளின் தலையை இரண்டு பேர் தொட்டுப் பார்த்தால் இருவரும் ஒரே தாளத்தைச் சொல்வதில்லை என்று சோதித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் அறிந்தும் நான் அவரை மதிக்கிறேன். "நான் கோலிக்கைக் குணப்படுத்துவதாகச் சொல்ல மாட்டேன், குழந்தையையும் உங்களையும் கொஞ்சம் வசதியாக்க முயல்வேன்" என்று முதலிலேயே சொன்னவர் அவர். தொடர்ந்து வரச் சொல்லி அட்டவணை போடவில்லை. பால் குடிப்பது சரியானதும், இனி வர வேண்டிய அவசியம் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

வீட்டில் வேறு சிலவும் கைகொடுத்தன. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2022-இல் எழுதிய ஒரு கட்டுரையில், அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் ஐந்து நிமிடம் சீராக நடக்க வேண்டும், தூங்கியதும் உடனே கிடத்தாமல் ஐந்திலிருந்து எட்டு நிமிடம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று இருந்தது. எல்லா இரவும் இது பலிக்கவில்லை, பலித்த இரவுகளில் உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது. வாயுவுக்கு என்று கொடுக்கும் சிமெத்திகோன் சொட்டு மருந்து கோலிக்குக்குப் பயன் தருவதாகச் சோதனைகளில் நிரூபணமாகவில்லை என்று மருத்துவர் சொன்னதால் அதை வாங்கவில்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அழுகையைக் கேட்டுக் கேட்டு உடம்பு நடுங்கும் நேரம் வரும். அப்போது குழந்தையைப் படுக்கையில் மல்லாந்து கிடத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சில நிமிடம் வெளியே வந்துவிடலாம். அதில் எந்தக் குற்றமும் இல்லை. குழந்தையைக் குலுக்கினால் மூளையில் ரத்தம் கசியும், உயிரே போகலாம். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம்: "என்னால் முடியவில்லை" என்று ஒருவர் சொன்னால், மற்றவர் காரணம் கேட்காமல் வாங்கிக்கொள்வார். மருத்துவர் என்னிடம் எடின்பரோ கேள்வித்தாளையும் கொடுத்தார். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய 1987-இல் உருவானது, பத்தே கேள்விகள். என் பதில்களைப் பார்த்துவிட்டு ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார். மகளுக்குச் செய்த எல்லாவற்றையும்விட எங்கள் வீட்டுக்கு அதிகம் உதவியது அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

நான்காவது மாதத்தில் மாலை அழுகை நின்றது. படிப்படியாகக்கூட இல்லை, ஒரு வாரம் கழித்துத்தான் நின்றுவிட்டதை உணர்ந்தோம்.

இப்போது தோழிகள் அந்த அம்மையாரின் எண்ணைக் கேட்கிறார்கள். கொடுக்கிறேன். கொடுப்பதற்கு முன் குழந்தைக்கு எத்தனை வாரம், எடை ஏறுகிறதா, காய்ச்சல் உண்டா, மருத்துவர் பார்த்தாரா என்று கேட்டுக்கொள்கிறேன். மருத்துவர் இன்னும் பார்க்கவில்லை என்றால், முதலில் குழந்தைநல மருத்துவரின் எண்ணைத்தான் அனுப்புகிறேன்.