சேர் கரும்பலகையில் கீறிய அமெரிக்கா

1816ஆம் ஆண்டை எங்கள் உயர்தர வரலாற்று வகுப்பில் இருந்த எவரும் மறந்திருக்கமாட்டார்கள். நியூ இங்கிலாந்திலிருந்து கப்பலேறிய டானியல் பூவரும் அவரோடு வந்த மிஷனரிமாரும் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கிய ஆண்டு அது. எங்கள் கல்லூரியின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று பரிசளிப்பு விழாக்கள்தோறும் கேட்டு வளர்ந்தோம். அந்த ஆண்டில் அவர்கள் விட்டுவந்த நாட்டில் என்ன நடந்தது என்று கேட்டவர் எங்கள் வரலாற்று சேர் ஒருவர்தான். பெயர் எழுதத் தேவையில்லை, படித்தவர்களுக்குத் தெரியும்.

"அவை இஞ்சை வந்து பள்ளிக்கூடம் துவங்கின வருசம், அங்கை துணிக்குத் தீர்வை கூட்டினவங்கள். எந்த வரியெண்டாலும் ஆர் கட்டுறது, ஆருக்குப் போறது எண்டு முதல் கேளுங்கோ" என்றார். பிறகு சோக்கட்டியை எடுத்துக் கணக்குப் போட்டார்.

1816 தீர்வைச் சட்டத்தின்படி இறக்குமதிப் பருத்தித் துணிக்கு நூற்றுக்கு 25 வீதம் தீர்வை. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு சதுர யார் 25 சதத்துக்குக் குறைந்த விலையுள்ள துணி எதுவானாலும், அதை 25 சதம் பெறுமதியானதாகவே கொள்ளவேண்டும் என்று கூடவே ஒரு விதி இருந்தது. 10 சதத் துணி வந்து இறங்கினாலும் தீர்வை ஆறேகால் சதம். 25 வீதம் என்று எழுதிய தீர்வை, உண்மையில் 62 வீதத்தைத் தாண்டியது. அடிபட்டது எது? இந்தியாவிலிருந்து அமெரிக்கக் கப்பல்கள் ஏற்றிச்சென்ற மலிவான முரட்டுத் துணி. பிழைத்தது எது? மசாசுசெட்ஸில் வோல்தம் என்ற ஊரில் பிரான்சிஸ் கபொட் லோவெல் தொடங்கியிருந்த நெசவாலை. அந்த விதிக்காக வோஷிங்டன் போய் ஆள்பிடித்துப் பேசியவரும் அவரேதான். சட்டத்தின் முகப்பைப் படித்துவிட்டு நின்றுவிடாதே, விதிக்குள் போ என்று எனக்குச் சொல்லித்தந்தது இந்தக் கணக்கு.

அடுத்த வகுப்பில் கரும்பலகையில் பெரிய பெருக்கல் குறியொன்று கீறினார். ஒரு முனையில் தென் கரோலினாவின் அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர் ஜோன் கல்ஹூன்; 1816இல் தீர்வையை ஆதரித்துப் பேசியவர். பிரித்தானியாவோடு நடந்த போர் முடிந்த சூடு அப்போது ஆறவில்லை. சொந்தத் தொழிற்சாலை இல்லாத நாடு தன்னைக் காத்துக்கொள்ள முடியாது என்பது அவர் வாதம். மறு முனையில் நியூ இங்கிலாந்து அரசியல்வாதி டானியல் வெப்ஸ்டர். பூவர் படித்த டார்ட்மத் கல்லூரியில் அவருக்குப் பத்து ஆண்டுகள் முன்னால் படித்துத் தேறியவர். 1824இல் கென்டக்கியின் ஹென்றி கிளே தீர்வையை உயர்த்த முயன்றபோது வெப்ஸ்டர் எதிர்த்து நின்றார். அவர் பக்கத்து ஆட்கள் கப்பல் வணிகர். சாமான் வந்து போனால்தான் அவர்களுக்குப் பிழைப்பு. 1828க்கு வரும்போது இருவரும் இடம்மாறிவிட்டார்கள். பொஸ்டன் பணம் கப்பலிலிருந்து ஆலைக்குப் போயிருந்தது, வெப்ஸ்டரும் கூடப் போனார். கல்ஹூனின் மாநிலமோ பருத்தியை நம்பிக் கடனில் விழுந்திருந்தது.

1828ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு சூழ்ச்சியிலிருந்து பிறந்தது. அன்ட்ரூ ஜக்சனை ஜனாதிபதியாக்க உழைத்தவர்கள் கம்பளி, சணல், இரும்பு, சர்க்கரைப்பாகு ஆகியவற்றுக்குத் தீர்வையை ஏற்றினார்கள். சணலும் இரும்பும் கப்பல் கட்டுவோருக்கு வேண்டும். பாகு ரம் வடிப்போருக்கு வேண்டும். எனவே நியூ இங்கிலாந்துக்காரரே இதைத் தோற்கடிப்பார்கள் என்று தெற்கத்தியர் நம்பினார்கள். நடந்தது வேறு. பிரதிநிதிகள் சபையில் 105க்கு 94, செனட் சபையில் 26க்கு 21 என்று சட்டம் நிறைவேறிவிட்டது. இது உற்பத்தி செய்யப்போகும் ஒரே பண்டம் ஒரு ஜனாதிபதிதான் என்று வேர்ஜினியாவின் ஜோன் ரண்டொல்ஃப் சொன்னதை சேர் இரண்டு தரம் சொல்லுவார். தெற்கில் அதற்கு 'அருவருப்புகளின் தீர்வை' என்று பேர் வைத்தார்கள்.

தென் கரோலினாவின் மனக்குறையை சேர் ஒருநாளும் குறைத்துப் பேசியதில்லை. 1818இல் இறாத்தல் 30 சதத்துக்கு மேல் விற்ற பருத்தி, பத்தாண்டுக்குள் 10 சதத்துக்குக் கிட்ட இறங்கிவிட்டது. நிலமும் களைத்துப்போனது; இயன்றவர்கள் அலபாமா, மிசிசிப்பி என்று பெயர்ந்துகொண்டிருந்தார்கள். கூட்டாட்சி அரசின் வருமானத்தில் பெரும்பகுதி சுங்கத்திலிருந்தே வந்தது. தோட்டச் சொந்தக்காரன் தன் பருத்தியை லிவர்பூலில் உலகச் சந்தை விலைக்கு விற்று, வாங்குவதையெல்லாம் தீர்வை ஏறிய விலைக்கு வாங்கினான். நூறு பொதி பருத்தியில் நாற்பது பொதியைத் தீர்வை கொண்டுபோகிறது என்று அந்த மாநிலத்துக் காங்கிரஸ் உறுப்பினர் ஜோர்ஜ் மக்டஃபி ஊர்ஊராகப் பேசினார். கணக்கு மிகை. ஆனாலும் நட்டப்பட்டவனுக்கு அது போதுமாயிருந்தது.

இந்த இடத்தில்தான் சேர் சோக்கட்டியை வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்தப் பருத்தியைப் புடுங்கினது ஆர்?"

வகுப்பில் சத்தமில்லை. அதுவரை வந்த வாதங்கள் எதிலும் அவர்கள் இல்லை. 1830இல் தென் கரோலினாவில் பாதிக்கு மேற்பட்டோர் அடிமைகள். 1822இல் டென்மார்க் வீசி என்ற முன்னாள் அடிமை கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார் என்று அவரையும் சேர்த்து 35 பேரைச் சாள்ஸ்டனில் தூக்கிலிட்டார்கள். 1831இல் வேர்ஜினியாவில் நட் டேர்னர் என்ற அடிமையின் தலைமையில் எழுச்சி. தீர்வை போட வோஷிங்டனுக்கு அதிகாரம் உண்டென்றால், நாளை அடிமைமுறையில் கைவைக்கவும் அதிகாரம் உண்டென்று ஆகிவிடும். உண்மையான பயம் அதுதான். கல்ஹூனே 1830இல் எழுதிய தனிக் கடிதமொன்றில் தீர்வை வெறும் சந்தர்ப்பம், காரணம் தெற்கின் அந்த 'விசேட ஏற்பாடு', அதாவது அடிமைமுறை, என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். வரியைப் பற்றி இவ்வளவு நுட்பமாக வாதாடத் தெரிந்த ஒரு மனிதர், தன் வயலில் நின்றவர்களின் கூலியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை என்பதை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. 1832 நவம்பர் 24இல் தென் கரோலினா மாநாடு 1828 சட்டம், அதைத் திருத்தி வந்த 1832 சட்டம் இரண்டும் பெப்ரவரி 1 முதல் தன் எல்லைக்குள் செல்லாது என்று கட்டளையிட்டது. டிசம்பர் 10இல் ஜனாதிபதி ஜக்சன், ஆயுதம் எடுத்துப் பிரிவது துரோகம் என்று பிரகடனம் செய்தார். மாத முடிவில் கல்ஹூன் உப ஜனாதிபதிப் பதவியை விட்டு செனட் சபைக்கு வந்தார். கிளேயும் கல்ஹூனும் பேசித் தீர்த்தார்கள்: தீர்வைகள் 1842 வரை படிப்படியாக 20 வீதத்துக்கு இறங்கும். சுங்கம் அறவிடப் படையைப் பயன்படுத்தும் சட்டமும் இந்தச் சமரசச் சட்டமும் 1833 மார்ச் 2 அன்று ஒன்றாகக் கையெழுத்தாயின. மாநாடு திரும்பக் கூடித் தன் கட்டளையை இரத்துச் செய்தது. கையோடு படைச் சட்டம் செல்லாது என்று இன்னொரு தீர்மானமும் போட்டது. இருதரப்பும் வென்றதாகச் சொல்லிக்கொண்டன.

அமெரிக்காவுக்குக் குடிவந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு சாள்ஸ்டன் போனேன். துறைமுகத்துக்குள் ஒரு சின்னத் தீவில் பின்க்னி கோட்டை. வாயிலில் மௌல்ட்ரி கோட்டை. நெருக்கடி நேரத்தில் ஜக்சன் ஜெனரல் வின்ஃபீல்ட் ஸ்கொட்டை அனுப்பிப் பலப்படுத்திய இடங்கள். கரையில் நின்று பார்த்தால் எவ்வளவு கிட்ட இருக்கின்றன! சுங்க அதிகாரி கோட்டைக்குள் இருந்தபடி தீர்வை வாங்கலாம் என்ற ஏற்பாடு எப்படி வேலைசெய்திருக்கும் என்று அங்கேதான் எனக்கு விளங்கியது; கப்பல் எதுவும் அந்தப் பீரங்கிகளின் கண்ணில் படாமல் உள்ளே வரமுடியாது. சென்ற் பிலிப் தேவாலயத்து மயானத்தில் கல்ஹூனின் கல்லறையையும் பார்த்தேன்.

சமரசம் முடிந்த சில வாரங்களில் ஜக்சன் ஒரு நண்பருக்கு எழுதினார்: தீர்வை வெறும் சாட்டு, அடுத்த சாட்டு அடிமைப் பிரச்சினையாக இருக்கும் என்று. அவரும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். எதிரிகள் இருவரும் தனிக் கடிதங்களில் ஒன்றையே எழுதியிருக்கிறார்கள். 1860 டிசம்பரில் தென் கரோலினா பிரிந்துபோனபோது வெளியிட்ட காரணப் பிரகடனத்தில் அடிமைமுறை திரும்பத் திரும்ப வருகிறது. தீர்வை என்ற பேச்சே இல்லை.

சேர் சொல்லச்சொல்ல நாங்கள் எழுதிய குறிப்புக் கொப்பிகள் இடப்பெயர்வில் எங்கெங்கோ போய்விட்டன. கொப்பி வைத்திருப்பவர்கள், ஒன்றிரண்டு தாளே மிஞ்சியிருந்தாலும், படமெடுத்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்பிவையுங்கள். அந்தப் பெருக்கல் குறி கீறிய பக்கம் யாரிடமாவது கட்டாயம் இருக்கும். அடுத்த மலருக்கு நான் தட்டச்சுச் செய்து தருகிறேன்.