தொழில்முனைவுத் தாள்: இழப்பு வரம்பை முதலில் எழுதுங்கள்

எம்.பி.ஏ. கடைசி செமஸ்டர் முடிவு வந்துவிட்டது. தொழில்முனைவு எலெக்டிவில் எனக்கு ‘ஓ’ கிரேடு, அதாவது அவுட்ஸ்டாண்டிங். வகுப்பில் பலருடைய சராசரியை இறக்கியது இந்தத் தாள்தான் என்பதால், அடுத்து எழுதப்போகிறவர்களுக்காக எல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதுகிறேன். தாளில் ஒரு கேஸ், அதாவது ஒரு நிறுவனத்தின் நிலைமையைச் சொல்லும் கதையும் அட்டவணைகளும், கொடுத்து எதை முதலில் செய்வது என்று கேட்பார்கள்; வைவா என்னும் நேர்முகத் தேர்வும் உண்டு. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு பழக்கம். கேஸின் கதைப் பகுதியைப் படித்து முடித்ததும், பின்னால் இருக்கும் அட்டவணைகளைப் புரட்டுவதற்கு முன், விடைத்தாளின் தலையில் ஒரு வரி எழுதுவேன்: இந்த நிறுவனர் எவ்வளவு பணத்தை, எத்தனை மாதத்தை இழந்தாலும் மீண்டும் எழுந்து நிற்க முடியும்? விடை ரூபாயில் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் இந்த வரிக்கு அப்புறம்தான்.

எங்களுக்கு வந்த கேஸ், கோவைப் பக்கம் சிறுதானிய நொறுக்குத் தீனி செய்யும் ஒரு சிறு நிறுவனம். வங்கியில் 18 லட்சம். வரவு போக மாதம் 3 லட்சம் கையைவிட்டுப் போகிறது. சூப்பர் மார்க்கெட் நிறுவனம் ஒன்று பெரிய ஆர்டர் தருகிறது. அதற்கு 9 லட்சத்தில் பேக்கிங் இயந்திரம் வாங்க வேண்டும், சரக்கு போய்ச் சேர்ந்து 90 நாள் கழித்துத்தான் பணம். இரண்டாவது யோசனை, 4 லட்சத்தில் மொபைல் செயலி. மூன்றாவது, அலுவலகங்களுக்கு மாதச் சந்தாவில் தீனிப் பெட்டி. இதை 40,000 ரூபாயில் சோதித்துப் பார்க்கலாம். எதை முதலில் செய்வது?

பலரும் முடிவு மரம் (ஒவ்வொரு வழிக்கும் வெற்றி தோல்வி நிகழ்தகவு போட்டுக் கிளை கிளையாக வரையும் படம்) வரைந்து, ஆர்டர் வெற்றி பெற 0.6, தோற்க 0.4 என்று எழுதினார்கள். அந்த 0.6 கேஸில் எங்குமே இல்லை. வரம்பை முதலில் எழுதினால் முடிச்சு தானாகவே தெரியும். இயந்திரம் வாங்கினால் மீதி 9 லட்சம், அதாவது மூன்று மாதம். உற்பத்தி தொடங்க வேண்டும், சரக்கு போக வேண்டும், அதற்கு மேல் 90 நாள். முதல் காசோலை வருவதற்குள் கணக்கு காலி. லாபமான ஆர்டரே கம்பெனியை இழுத்து மூடிவிடும்! நான் எழுதிய விடை: ஆர்டரில் ஒரு பகுதியை மட்டும் ஏற்று, இயந்திரம் வாங்காமல் ஜாப் ஒர்க்கில், அதாவது வெளியாருக்குக் கூலி கொடுத்து, பேக் செய்வது, பாதி முன்பணம் கேட்பது, அலுவலகப் பெட்டியை அதே வாரம் தொடங்குவது, செயலியை இப்போது தொடாமல் விடுவது. விரலுக்குத் தகுந்த வீக்கம்.

இதற்குக் கோட்பாட்டு மார்க்கும் உண்டு. நிகழ்தகவைக் கணக்கிட முடிந்தால் அது இடர், முடியாவிட்டால் நிச்சயமின்மை என்று பொருளியலாளர் ஃபிராங்க் நைட் 1921இலேயே பிரித்துக் காட்டினார். புதிய தொழில் தொடங்குபவர் பெரும்பாலும் இரண்டாவதில்தான் நிற்கிறார். நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமனின் மாணவியும் தொழில்முனைவு ஆய்வாளருமான சரஸ் சரஸ்வதி, அனுபவம் மிக்க 27 நிறுவனர்களிடம் கற்பனைப் பொருள் ஒன்றைப் பற்றிய 17 பக்கக் கேஸைக் கொடுத்து, மனதில் ஓடுவதை உரக்கச் சொல்லச் சொன்னார். பெரும்பாலோர் சந்தை ஆய்வு எண்களை நம்பவில்லை. கையில் என்ன இருக்கிறது, எவ்வளவு இழந்தால் தாங்கும், யார் கூட வருவார்கள் என்றே யோசித்தார்கள். 2009இல் வெளியான ஆய்வு அவர்களை 37 எம்.பி.ஏ. மாணவர்களுடன் ஒப்பிட்டது. மாணவர்கள், கேஸில் இருந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டு எதிர்காலத்தைக் கணிக்கப் போனார்கள். நம் வகுப்பறைப் பயிற்சி நம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கோச்சிங் நோட்ஸ் இன்னமும் பக்கம் பக்கமாக ஸ்வாட் கட்டம் (பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் பட்டியல்) போடச் சொல்வதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

உதாரணத்துக்கு இரண்டு போதும். 2008இல் ஏர்பிஎன்பி என்னும் தங்குமிட வாடகைத் தளத்தின் நிறுவனர்கள் அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் ஒபாமா, மெக்கெய்ன் பெயரில் தானியப் பெட்டிகளை 40 டாலருக்கு விற்று, சுமார் 30,000 டாலர் திரட்டித் தாக்குப்பிடித்தார்கள். 2006இல் பெங்களூரில் தொடங்கிய ரெட்பஸ் முதலில் பஸ் உரிமையாளர்களுக்கு மென்பொருள் தரப் போனது. அவர்கள் ஆர்வம் காட்டவில்லை. இவர்களே டிக்கெட் விற்க இறங்கினார்கள். இரண்டையும் வெறும் வெற்றிக் கதையாக எழுதாமல், எந்த முடிவில் எவ்வளவு பணயம் இருந்தது என்று எழுதுங்கள்.

முன்னுரிமைக் கேள்விக்கு:

- திரும்பப் பெற முடியாத முடிவா, பெறக்கூடிய முடிவா என்று முதலில் பிரியுங்கள். அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் 2015ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் சொன்ன ஒருவழிக் கதவு, இருவழிக் கதவு இதுதான். இணை நிறுவனருக்குப் பங்கு தருவது முதல் வகை. பெட்டியின் விலை இரண்டாவது வகை, அதில் ஒரு பத்தியைக்கூடச் செலவிடாதீர்கள்.
- ரைஸ் மதிப்பெண் (எத்தனை பேரை எட்டும், எவ்வளவு தாக்கம், எவ்வளவு நம்பிக்கை, எவ்வளவு உழைப்பு என்று யோசனைகளை எடைபோடும் முறை) போட்டால் நம்பிக்கை என்ற எண்ணில் நில்லுங்கள். அது குறைவாக இருக்கும் இடம்தான் முதலில் சோதிக்க வேண்டிய இடம்.
- எதைச் செய்யப்போவதில்லை என்று ஒரு வரி. கட்டாயம்.

நான் இயல்பிலேயே நிதானக்காரி. துணிந்து பெரிதாக இறங்குவதே சரி என்று நம்புகிறவர்கள் அப்படியே எழுதலாம். ஆனால் நிகழ்தகவு எண் போட்டால் அது எங்கிருந்து வந்தது என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

வைவாவில் என்னிடம் விடாமல் கேட்கப்பட்டது ஒன்றுதான்: “எது நடந்தால் இந்த முடிவைக் கைவிடுவீர்கள்?” 2020இல் வெளியான மிலான் ஆய்வு இங்கே உதவும். 116 இத்தாலிய ஸ்டார்ட்அப்களில் ஒரு பாதிக்கு, ஊகத்தை முன்கூட்டி எழுதிவைத்துச் சோதிக்கும் பயிற்சி தரப்பட்டது. அவர்கள் கூடுதல் வருமானம் ஈட்டினார்கள், வேறு யோசனைக்கு மாறியதும் அவர்களில்தான் அதிகம். ஆகவே எண்ணோடும் தேதியோடும் போங்கள். “20 அலுவலகங்களில் 5 பேராவது ஆறு வாரத்தில் மறு ஆர்டர் தராவிட்டால் நிறுத்துவேன்” என்றேன். ஏன் 5 என்பது அடுத்த கேள்வி. ஒரு அலுவலகத்தால் மாதம் 4,000 ரூபாய் மிஞ்சும் என்று வைத்தால், ஐந்து அலுவலகங்கள் இரண்டு மாதத்தில் போட்ட 40,000 ரூபாயை மீட்டுத் தந்துவிடும் என்று கணக்குச் சொன்னேன். அதற்கு மேல் கேள்வி வரவில்லை.