காது வைத்துப் பார்த்து வாங்கிய வண்டி

2025 மார்ச் 1, சனி
பர்னெட், டெக்சாஸ்

யுடிவி, அதாவது பின்னால் பெட்டி வைத்து மேடுபள்ளத்தில் ஓடும் சின்னப் பண்ணை வண்டி, வாங்குவது என்று இன்று முடிவாகிவிட்டது. 14 ஏக்கரில் பாதி சரிவு. ஓடை ஓரம் வேலி போடும் இடத்துக்குப் பிக்கப் இறங்காது. இரும்புக் கம்பங்களையும் தீவன மூட்டைகளையும் தள்ளுவண்டியில் வைத்து இறக்கி இறக்கி என் கணவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கையில் 12,000 டாலர் இருக்கிறது. புது வண்டிக்குப் போதாது, பழையதுதான்.

அப்பா ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறார். சோமனூரில் 26 வருடம் விசைத்தறி ஓட்டியவர். பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலும் பாதிதான் கேட்கும். விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் சொன்னது: "சத்தம் கம்மியா இருக்கற வண்டியாப் பாரு கண்ணு. காது போனா போனதுதான்."

அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. இங்கே நயோஷ் என்ற அரசு ஆய்வு நிறுவனம் வகுத்த கணக்கு இது: 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2, 94 என்றால் ஒரே மணி நேரம். தறிக்கூடத்தில் அப்பாவுக்கு யாரும் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

இரவு உட்கார்ந்து எஞ்சின்களைப் படித்தேன். ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு வெடிப்பு. மூன்று சிலிண்டரில் 240 டிகிரிக்கு ஒன்று. நம் ஊர்க் கிணற்று மேட்டில் பழைய டீசல் எஞ்சின் "டக்... டக்..." என்று இடிப்பதும், கார் எஞ்சின் ஒரே இழுவையாக உறுமுவதும் இந்த வித்தியாசம்தான்.

ஹோண்டா பயனியர் 700, 675 சிசி ஒற்றை சிலிண்டர். போலாரிஸ் ரேஞ்சர் எக்ஸ்பி 1000, 999 சிசி இரட்டை. காவாசாகி மியூல் ப்ரோ எஃப்எக்ஸ், 812 சிசி மூன்று. குபோட்டா ஆர்டிவி-எக்ஸ்1100சி, 1123 சிசி மூன்று சிலிண்டர் டீசல். குபோட்டாவில் டீசல் தட்டலோடு ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோஸ்டேட்டிக் கியரின் கீச்சொலியும் சேர்ந்து வரும், ஆனால் பாரம் இழுக்கப் பிறந்த வண்டி. ரேஞ்சரிலும் மியூலிலும் எஞ்சின் விசை ரப்பர் பெல்ட் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகும். பயனியர் 700-இல் பெல்ட்டே கிடையாது, ஆயில் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர். பெல்ட் கருகும் கவலை இல்லை என்பது பெரிய விஷயம். ரேஞ்சரில் மின்சார வண்டியும் வருகிறது. விலையைப் பார்த்து அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

மார்ச் 8, சனி

டீலர் கடையில் மூன்று வண்டிகளை ஓட்டிப் பார்த்தோம். நயோஷ் ஒலிமானி செயலியை ஐபோனில் இலவசமாக இறக்கி, போனைக் காது உயரத்தில் பிடித்துக்கொண்டேன்.

கடைக்காரர் வண்டியை ஐட்லிங்கில் விட்டு, "எவ்வளவு அமைதி பாருங்கள்" என்றார். ஐட்லிங்கில் எல்லா வண்டியும் பூனைக்குட்டிதான். கடைக்குப் பின்னால் மண் மேடு ஒன்று இருந்தது. பெட்டியில் மணல் மூட்டை நாலு ஏற்றித் தரச் சொல்லி, லோ கியரில் அதில் ஏறினோம். ஒரு வண்டியில் 92 வரை போனது. அதே வண்டியைச் சமதளத்தில் அதே வேகத்தில் ஓட்டினால் 84.

இன்னொன்றும் புரிந்தது. எஞ்சினைவிடக் கூரைதான் அதிகம் கத்துகிறது. மேலே பிளாஸ்டிக் கூரை, முன்னால் கண்ணாடி, பின்னால் திறப்பு என்று இருந்தால் எஞ்சின் சத்தம் பின்னாலிருந்து நுழைந்து, கண்ணாடியில் மோதி, நேரே தலைக்கே திரும்பி வருகிறது. பறைக்குள் உட்கார்ந்த மாதிரி. முன் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி மறுபடி ஓட்டினேன், நன்றாகவே குறைந்தது.

சத்தம் 96 டெசிபலுக்குள்தான் என்று கடையில் ஒருவர் உறுதி சொன்னார். அது சைலன்சர் வாயிலிருந்து 20 அங்குலம் தள்ளி மைக்கை வைத்து, நிற்கும் வண்டியில் எடுக்கும் அளவு. கலிபோர்னியாவில் வரம்பே அந்த 96தான். பொது இடத்தில் அடுத்தவர் காதுக்காக வந்த சோதனை அது. ஓட்டுபவரின் காதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

மார்ச் 12, புதன்

லானோ பக்கம் ஒரு வண்டி. 90 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது, படத்தில் பளபளவென்று இருக்கிறது. "நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று கேட்டுக்கொண்டேன். விற்பவரும் சரி என்றார்.

மார்ச் 15, சனி

போய் இறங்கியதும் அப்பா யாரிடமும் பேசாமல் சைலன்சர் பக்கம் புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடு. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். குளிர்ந்த எஞ்சின் முதல் நிமிடத்தில் காட்டும் புகையும் தட்டலும் இனி தெரியாது.

ஆனாலும் எஞ்சின் அருமையாக ஓடியது. தட்டல் இல்லை, மிஸ்ஸிங் இல்லை, புகை இல்லை. ஓட்டிப் பார்த்த எல்லா வண்டியிலும் இதுதான் அமைதி. கணவருக்குப் பிடித்துவிட்டது, எனக்கும்தான். பணத்தை எண்ணுகிற மனநிலைக்கே வந்துவிட்டோம்.

அப்பா மீட்டரைக் காட்டச் சொன்னார். 90 மணி, 2,300 மைல். மணிக்குச் சராசரி 25 மைலுக்கு மேல். பண்ணை வேலை செய்யும் வண்டி 10 மைலைத் தாண்டினாலே அதிகம். "இது வேலை பார்த்த வண்டி இல்ல, ஓட விட்ட வண்டி" என்றார். லானோ பக்கத்து மண் கிரானைட் உதிர்ந்த மண். கூட்டமாக ஓட்டும்போது பின்னால் போகிற வண்டி முழுக்க அந்தப் பொடியைத்தான் குடிக்கும்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்க அனுமதி கேட்டோம். ஃபில்டர் புத்தம் புதிது. அதை எடுத்துவிட்டு, அதற்கு அப்பால் எஞ்சினுக்குப் போகும் குழாய்க்குள் வெள்ளை டிஷ்யூ சுற்றிய விரலை விட்டேன். சுத்தமாக இருக்க வேண்டிய பக்கம் அது. விரலை எடுத்தபோது டிஷ்யூவில் செம்பழுப்பாக ஒரு கோடு. கட்டைவிரலால் தேய்த்தால் நறநற என்றது. குழாயைத் திருப்பிப் பார்த்தால் கிளாம்ப் அருகே ரப்பரில் நகக்கண் அளவு கீறல்.

அந்த நறநறதான் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரின் உட்சுவரையும் தின்னும். குவார்ட்ஸ் மணல் இரும்பைவிடக் கடினம். கம்ப்ரஷன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், ஆயில் குடிக்கத் தொடங்கும், கடைசியில்தான் நீலப் புகை. அதுவரை எஞ்சின் சத்தமே காட்டாது. சத்தத்தை மட்டும் நம்பியிருந்தால் இன்று இந்த வண்டியோடுதான் வீடு வந்திருப்போம். திரும்பும்போது காரில் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை.

மார்ச் 22, சனி

லாம்பாசஸில் ஒரு மியூல் ப்ரோ எஃப்எக்ஸ். 410 மணி, 3,700 மைல். வண்டி முழுக்கக் கீறல், பின்பெட்டியில் சாணிக் கறை. ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் வயதான தம்பதி. மூன்று பேர் உட்காரும் ஒற்றை பெஞ்ச் என்பதால் எங்களுக்குப் பொருத்தம். எஞ்சின் சில்லென்று இருந்தது, சொன்ன சொல் காத்திருந்தார்கள்.

ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று ஒரு தட்டல். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பின்பெட்டியைத் தூக்கி, அப்பா நீளமான ஸ்க்ரூடிரைவரை எஞ்சின் மேல் ஒவ்வொரு இடமாக வைத்து, கைப்பிடியை என் காதெலும்பில் அழுத்தச் சொன்னார். அவர் காதுக்கு இனி அது ஆகாது. நான் கேட்டதைச் சொல்லச் சொல்ல, அவர் இடம் மாற்றினார். ஹெட் மேல் மெல்லிய தட்டல்தான். கீழே கிராங்க் பக்கம் ஒன்றுமில்லை, சீரான உருளல். எக்ஸாஸ்ட் இணைப்பு அருகேதான் பலமாகக் கேட்டது. "தட்டறது மேலயா கீழயா, அதுதான் கேள்வி. கீழ இடிச்சா ராடு பேரிங், தொடவே கூடாது" என்றார். எஞ்சின் சூடானதும் தட்டல் தானாகவே நின்றது. அந்த இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் ஓரமாகப் புகை கசிகிறது, இரும்பு விரிந்ததும் அடைபடுகிறது. சின்ன வேலை.

ஃபில்டர் அழுக்கு. அதற்கு அப்பால் குழாயில் விட்ட டிஷ்யூ வெள்ளையாகவே வந்தது. இரண்டு முறை பார்த்தேன்.

புறப்படும்போது கொஞ்சம் உதறியது. ரொம்ப நாள் நின்ற வண்டியில், அல்லது ஹை கியரில் பாரம் இழுத்த வண்டியில் பெல்ட்டின் ஒரே இடம் தேய்ந்திருக்கும். கேட்டதற்கு அந்த அம்மா, "சத்தம் குறையும் என்று இவர் எப்போதும் ஹையில்தான் ஏறுவார்" என்றார். புது பெல்ட் விலையை அவர்களே குறைத்துக்கொண்டார்கள். திருட்டு வண்டியா என்று டைட்டில் என்ற உரிமைப் பத்திரத்தோடு சேஸிஸ் எண்ணையும், திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதாவது உண்டா என்று நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் தளத்தையும் பார்த்தேன். ஒன்றுமில்லை.

சின்ன ட்யூப் வைத்து டிப்ஸ்டிக் வழியாக ஆயில் மாதிரி எடுத்து, எஞ்சின் தேய்மானத்தை ஆயிலிலிருந்து கண்டு சொல்லும், இந்தியானாவில் உள்ள பிளாக்ஸ்டோன் ஆய்வகத்துக்கு அனுப்பியாயிற்று. முடிவு வரும்வரை வைத்திருக்கிறோம் என்றார்கள். முன்பணம் கொடுத்தேன்.

மார்ச் 31, திங்கள்

அறிக்கை வந்தது. மண் புகுந்ததைக் காட்டும் சிலிக்கான் கவலைப்படும்படி இல்லை, தேய்மானத்தைக் காட்டும் இரும்பும் ஓடிய நேரத்துக்கு ஏற்ற அளவுதான். கூலண்ட் கலக்கவில்லை. மாலையே போய் மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தோம். ப்ளூபானட் பூத்துச் சாலை ஓரமெல்லாம் நீலம். அப்பா கண்ணாடி வழியே பின்னால் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஏப்ரல் 5, சனி

கேஸ்கெட், பெல்ட் இரண்டும் மாற்றியாயிற்று. இருக்கைக்குப் பின்னால் ரப்பர் விரிப்பு ஒட்டிய பலகை அடித்தோம். கூரையின் உட்புறம் நுரை ஒட்டினோம். முன் கண்ணாடியைக் கழற்றிக் கொட்டகையில் வைத்திருக்கிறோம், குளிருக்கு மட்டும் போடலாம். ஓடை மேட்டில் பாரத்தோடு லோ கியரில் ஏறும்போது முதலில் 89 காட்டிய இடத்தில் இப்போது 85. மேடேறுவது ஒரு நாளைக்கு மொத்தம் அரை மணி நேரம்கூட வராது. இருந்தும் மூவருக்கும் காதுமூடி வாங்கி ஸ்டியரிங் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன்.

சாயங்காலம் அப்பாவோடு கம்பம் இறக்கப் போனேன். அவரும் காதுமூடியைப் போட்டுக்கொண்டார். "உங்களுக்கு எதுக்குங்கப்பா?" என்று சைகையில் கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்குதல்ல கண்ணு" என்றார். ஆடுகள் சத்தம் கேட்டு ஓடவில்லை, தீவன மூட்டையைப் பார்த்து வண்டிக்குப் பின்னாலேயே வந்தன.