தின்னவேலியில் இருந்து தின்னவேலிக்கு

நான் பிறந்தது திருநெல்வேலி. வேலைக்கு வந்து அறை எடுத்ததும் திருநெல்வேலியில்தான், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திருநெல்வேலி. இங்கேயும் பேச்சில் அது தின்னவேலிதான். சென்னையில் இருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு ஒன்றேகால் மணி நேரம். ஊரில் இருந்து சென்னை வர அதைவிடப் பல மடங்கு ஆனது. பாஷை தெரிந்த இடம், அப்புறம் என்ன என்று தைரியமாக வந்து இறங்கினேன்.

முதல் ராத்திரியே போன் செத்துவிட்டது. சுவரில் இருந்தது சதுர ஓட்டை, என் சார்ஜரில் உருண்டைக் கம்பி. காசும் ரூபாய்தான், ஆனால் நம் ஒரு ரூபாய் இங்கே மூன்றுக்கு மேல். முதல் வாரம் பாண் (நம் ஊர் பிரெட்) வாங்கினாலும் சோப்பு வாங்கினாலும் மனசுக்குள் மூன்றால் வகுத்துக்கொண்டே நின்றேன். தண்ணீரும் வேறு. அடியில் சுண்ணாம்புக் கல் என்பதால், நாலு நாள் வெந்நீர் போட்ட கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படிந்துவிட்டது. தாமிரபரணி குடித்த நாக்குக்குப் பழக ஒரு மாதம் பிடித்தது.

இதெல்லாம் சமாளிக்கலாம். சிக்கவைத்தது தெரிந்த தமிழ்தான். பஸ் பிந்தி, அலுவலகத்துக்குப் பதறிப்போய் போன் செய்தால் "ஆறுதலா வாங்கோ" என்கிறார்கள். யாருக்கு என்ன ஆச்சோ என்று வயிறு கலங்கியது. மெதுவாக வாருங்கள் என்று அர்த்தமாம். ஒரு கையெழுத்துக்குக் கச்சேரிக்குப் போகச் சொன்னபோது, எத்தனை மணிக்கு ஆரம்பம் என்று கேட்டுத் தொலைத்தேன். அவர்கள் சொன்னது மாவட்டச் செயலகம்.

பெரிய அடி விசாவில். நுழைவு விசாவை நிறுவனமே எடுத்துத் தந்திருந்தது. வந்தபின் அதை வதிவிட விசாவாக மாற்ற, கொழும்பை ஒட்டிய பத்தரமுல்லையில் இருக்கும் குடிவரவு அலுவலகத்துக்குப் போக வேண்டும். கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். ராத்திரி பஸ்ஸுக்குப் பையோடு கிளம்பும்போது வீட்டுக்கார அன்ரி கேட்டார்: "நாளைக்குப் போயா எல்லோ, தம்பி?"

போகிறாயா என்றுதான் கேட்கிறார் என்று நினைத்து, "ஆமா அன்ரி, விடியக்காலம் போய் இறங்கிருவேன்" என்றேன். அவரும் வேறு ஏதோ அலுவல் போல என்று விட்டுவிட்டார்.

ஆனையிறவு தாண்டும்போது கடல்நீரேரிக்கு மேல் நிலா அவ்வளவு பெரிதாக இருந்தது. ஜன்னலைத் திறந்துவைத்து ரசித்துக்கொண்டே போனேன்.

காலையில் அலுவலக வாசல் பூட்டியிருந்தது. காவலாளி சிங்களத்தில் நீளமாக ஏதோ சொன்னார். அதில் ஒரே ஒரு சொல் காதில் விழுந்தது: போயா. பௌர்ணமிக்கு இங்கே அந்தப் பெயர், மாதாமாதம் நாடு முழுக்க அரசு விடுமுறை. பௌர்ணமி என்றால் எனக்குத் திருவண்ணாமலை கிரிவலம் தெரியும். ஆபீஸ் பூட்டுவார்கள் என்று யார் கண்டது? வெள்ளவத்தையில் ஒரு லாட்ஜில் படுத்துவிட்டு, மறுநாள் படிவம், போட்டோ, நிறுவனக் கடிதம், பாஸ்போர்ட் எல்லாம் கொடுத்து வேலையை முடித்தேன். ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை.

திரும்பி வந்த காலையில் அன்ரி இடியப்பமும் சொதியும் வைத்தார். எங்கள் ஊரில் சொதி கல்யாணத்து மறுவீட்டுச் சமையல். பாசிப்பருப்பு, காய்கறி, தேங்காய்ப்பால், தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். இங்கே வெங்காயமும் பச்சை மிளகாயும் மிதக்க, தேசிக்காய் பிழிந்த இளம் மஞ்சள் பால், இடியப்பத்துக்குள் அப்படியே இறங்கிவிடுகிறது. கல்யாணம் இல்லாமலே தினமும் சொதி. மூன்றாவது தட்டில்தான் நடந்ததைச் சொன்னேன். அன்ரி தலையில் கைவைத்துச் சிரித்தார். "நான் சொன்னனான் எல்லோ!"

இப்போது மாதாமாதம் முந்தின நாள் சாயங்காலமே அறை வாசலில் வந்து நிற்கிறார்.

"தம்பி, நாளைக்குப் போயா. லீவு."