மீதி எத்தனை பார்?

மாலத்தீவில் ஒரு சஃபாரி போட்டில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். ஒரு வாரம் போட்டிலேயே தங்கி, தினமும் மூன்று முறை கடலுக்குள் முங்க வருகிறவர்களுக்கான படகு அது. என் வேலை சிலிண்டரில் காற்று நிரப்புவது. கெஸ்ட்கள் சாப்பிடுவதும் தூங்குவதும் பெரிய படகில். கம்ப்ரசரும் சிலிண்டர்களும் கூடவே வரும் சின்னப் படகில். அதற்கு அங்கேயும் தோணி என்றுதான் பெயர். தூத்துக்குடிக்காரனுக்கு அதைக் கேட்டதும் பாதி பயம் போய்விட்டது.

"துட்டு வாங்காம, துட்டு குடுத்தா முங்குதாவ?" என்று அப்பா போனில் கேட்டார். எங்கள் தாத்தா மூச்சடக்கிச் சங்கு குளித்தவர். அப்பாவுக்கு இதை எப்படி விளக்குவது என்று தெரியாமல், "ஆமாப்பா" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

ஒரு சிலிண்டர் 11 லிட்டர்தான் பிடிக்கும். 200 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 2200 லிட்டர் காற்றை அதற்குள் அடைத்துவிடலாம். 50 பார் மிச்சம் வைத்து மேலே வர வேண்டும் என்பது எல்லோருக்கும் சொல்லப்படுகிற கணக்கு. திரும்பி வந்த சிலிண்டரைக் கம்ப்ரசரில் மாட்டினால் மிச்சம் எவ்வளவு என்று கேஜ் காட்டிவிடும். அதை வைத்தே ஆளை எடைபோட ஆரம்பித்தேன். நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று, எடுக்கிறவர்கள் ஆக்சிஜன் அளவைத் தாங்களே சோதித்து, 32% என்று டேப்பில் எழுதி, பேரும் போட்டு ஒட்டுவார்கள். அதனால் முகம் தெரிவதற்கு முன்பே மூச்சு தெரிந்துவிடும். (நைட்ராக்ஸ் எடுத்தால் காற்று அதிக நேரம் வரும் என்று நினைப்பவர்கள் ஒவ்வொரு வாரமும் உண்டு. ஆழத்தில் பத்திரமாகத் தங்கலாம் என்கிற நேரம்தான் கூடும். காற்று தீர்கிற வேகம் அப்படியேதான் இருக்கும்.)

சாப்பாட்டு மேஜையில் சுறாக் கதை அளக்கிற பெரிய கேமராக்காரர் முதல் நாள் 25 பாரோடு வருவார். அவர் மனைவி வாயே திறக்கமாட்டார். சிலிண்டரில் 110 இருக்கும். கண்டு என்று அவர்கள் சொல்கிற கால்வாய்களில் முங்குகிற நாட்களில் எல்லோருக்குமே கேஜ் இறங்கும். வெளிக்கடல் தண்ணீர் உள்ளே பாயும்போதுதான் அங்கே தெளிவாகத் தெரியும், வாயிலில் சுறாக்களும் நிற்கும். 2010-ல் சுறா பிடிக்கவே அங்கே தடை போட்டுவிட்டார்கள். ஆனால் அந்த நீரோட்டத்தில் பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கே மூச்சு வாங்கும். சட்டப்படி 30 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. 30 மீட்டரில் ஒவ்வொரு மூச்சும் மேலே எடுப்பதைப் போல நாலு மடங்கு காற்றைத் தின்னும்.

ஒருமுறை எழுபது வயதிருக்கும் ஒரு அம்மா வந்தார். ஏணியில் ஏற ஆள் பிடிக்க வேண்டும். எந்த டைவிலும் 100 பாருக்குக் குறைந்து அவர் வந்ததில்லை. மற்றவர்களுக்குத் தீர்ந்துவிட்டதே என்று மேலே வருவார், அவ்வளவுதான்.

அந்த வாரத்தில்தான் நான் தப்புப் பண்ணினேன். வாவு என்கிற தீவுக்கூட்டத்தில் இரவு டைவ் முடிந்து, பதினொரு மணி வரை நிரப்பிக்கொண்டிருந்தேன். காற்று உறிஞ்சுகிற பைப்பின் வாய் தோணியின் முன்னால், உயரத்தில் கட்டியிருக்கும். எஞ்சின் புகை பின்னால் போகும். நங்கூரத்தில் நிற்கிற தோணி பொதுவாகக் காற்றைப் பார்த்தே நிற்பதால் பிரச்சினை இல்லை. அன்றைக்கு நீரோட்டம் திரும்பி, தோணியையும் திருப்பிவிட்டது. நான் கண் அசந்திருந்தேன்.

காலையில் டைவ் கைடு ஒரு வால்வைத் திறந்து மோந்து பார்த்தார். அப்புறம் இன்னொன்று. ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார். டீசல் வாடை. வாடை அடித்ததால் தப்பித்தோம். அதோடு வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. மேலே வெறும் தலைவலியாக இருப்பது அடியில் ஆளையே முடித்துவிடும்.

இருபத்திரண்டு சிலிண்டரையும் திறந்துவிட்டேன். அந்த இரைச்சலில் கெஸ்ட் எல்லோரும் மேல்தளத்துக்கு வந்துவிட்டார்கள். கைடு மழுப்பவில்லை, காற்று கெட்டுவிட்டது, மறுபடி நிரப்புகிறோம், காலை டைவ் கிடையாது என்று உள்ளதைச் சொன்னார். கேமராக்காரர் தான் கட்டிய பணத்தைப் பற்றிப் பேசினார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த அம்மா தோணிக்கு இறங்கி வந்து, பைப் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அண்ணாந்து பார்த்துவிட்டு, "நீ எத்தனை மணி நேரம் தூங்கினாய்?" என்று கேட்டார். மூன்று மணி நேரம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் பைப் பக்கத்தில் ஒரு துணி நாடா கட்டி வைத்தேன். அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக்கொண்டே நிரப்புவேன்.

சீசன் முடிவில், கெஸ்ட் இல்லாத ஒரு நாள், கைடு என்னையும் கூட்டிக்கொண்டு முங்கினார். எட்டு மீட்டர்தான், நீரோட்டமும் இல்லை. ஆமை பார்த்தேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு என் மூச்சுச் சத்தம் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. இருபத்தைந்து நிமிஷத்தில் மிச்சம் 40 பார்.

தோணியில் ஏறியதும் உடம்பைக்கூடத் துடைக்கவில்லை. கூட வேலை பார்த்த பங்களாதேஷ் பையன் வந்து கேஜைப் பார்ப்பதற்குள் என் சிலிண்டரை நானே மாட்டி நிரப்ப ஆரம்பித்துவிட்டேன்.