ட்ரிப் ஆயிட்டு

பாளையங்கோட்டையில் ஒரு மாவுக் கடை. ஓடிக்கிட்டிருந்த கிரைண்டர் நின்னுட்டு.

“ட்ரிப் ஆயிட்டுண்ணே.” பையன் சுவிட்சை மேலே தள்ளினான். கொஞ்சம் ஓடி, மறுபடி விழுந்தது.

ஆங்கிலத்தில் ட்ரிப் என்றால் கால் இடறுவது. இயந்திரத்தில், பூட்டியிருக்கும் கொக்கி விடுபடுவது. எம்.சி.பி.க்குள், அதாவது கரண்ட் மிஞ்சினால் தானே விழும் அந்த சுவிட்சுக்குள், நடப்பது அதுதான்: ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் கொக்கி கழன்றுவிடும்.

(ஆஸ்பத்திரியில் ஏத்துற ‘ட்ரிப்ஸ்’ வேறு. அது சொட்டுவதைக் குறிக்கும் சொல். நம்ம வாயில் ரெண்டும் ஒண்ணாயிட்டு.)

கொக்கியைத் தட்டுவது எது? போட்டதுமே விழுந்தால் பெரும்பாலும் ஷார்ட். காயிலின் காந்தம் இமைக்குமுன் இழுத்துவிடும். ஓடி விழுந்தால் லோடு. ரெண்டு உலோகம் ஒட்டிய பைமெட்டல் பட்டை சூடேறி மெல்ல வளையும், ஆறவிட்டால்தான் சுவிட்ச் மேலேயே நிற்கும்.

மோட்டாருக்கு ‘பி’ டைப் எம்.சி.பி. மாட்டினால் வீண் தொல்லை. அது தன்மேல் போட்டிருக்கும் ஆம்பியரைப் போல 3 முதல் 5 மடங்கு கரண்டிலேயே சட்டென்று விழும். மோட்டார் கிளம்பும்போதே அவ்வளவு இழுக்கும். ‘சி’ டைப் 5 முதல் 10 மடங்கில்தான் அப்படி விழும்.

உயிரைக் காப்பது எம்.சி.பி. இல்லை, பக்கத்தில் இருக்கும், கரண்ட் கசிந்தால் விழும் ஆர்.சி.சி.பி. வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர். கசிவு அதைத் தொட்டால் விழணும்.

16 ஆம்பியர் அடிக்கடி விழுதுன்னு, வயரை மாத்தாமல் 32 மாட்டுவாங்க பாருங்க, அது கொடுமை. கொக்கி இடறாது, வயர் எரியும்.

பையன் மூடியைத் திறந்தான். மாவு கல்லோடு இறுகிக் கிடந்தது. அரைச் செம்பு தண்ணி விட்டான், ஓடிட்டு.