மெக்கார்டில் சோதித்த கை

தசை சேமித்து வைக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் மருத்துவர் பிரையன் மெக்கார்டிலைப் பற்றிச் சொல்லாமல் என்னால் வகுப்பை முடிக்க முடியாது. லண்டன் கைஸ் மருத்துவமனையில் அவர் பார்த்த நோயாளிக்கு வயது 30. சிறிது வேலை செய்தாலே தசை வலித்து இறுகிவிடும். மெக்கார்டில் அவருடைய கைக்குப் போகும் இரத்தத்தைத் தடுத்து, அந்தக் கைக்கு வேலை கொடுத்தார். பிறகு இரத்தத்தைச் சோதித்தார். தசை கிளைக்கோஜனை உடைத்து வேலை செய்யும்போது உண்டாகும் லாக்டேட் எல்லோருக்கும் ஏறும்; இவருக்கு ஏறவில்லை! எவ்வளவு எளிய சோதனை, எவ்வளவு தெளிவான விடை. தசையால் கிளைக்கோஜனை உடைக்க முடியவில்லை என்று 1951இல் எழுதினார். குதிர் நிறைய நெல் இருந்தும் எடுக்க வழியில்லாத வீடு அது. இந்த நோயில் இல்லாதது, தசையில் கிளைக்கோஜனை உடைக்கும் மயோபாஸ்ஃபாரிலேஸ் என்ற நொதி என்பது 1959இல் தெரிந்தது.

குதிர் திறக்காவிட்டாலும் இரத்தத்தில் வரும் சர்க்கரையைத் தசை எரிக்கும். 2003இல் வந்த ஆய்வொன்றில், உடற்பயிற்சிக்கு முன் 75 கிராம் சர்க்கரை கலந்த பானம் குடித்த இந்த நோயாளிகளுக்குச் சைக்கிள் மிதிப்பது எளிதானது. அதற்காக நாள் முழுவதும் சர்க்கரை குடிக்கக்கூடாது, எடை ஏறிவிடும்.